புதுப்பிப்பு: ஆள் பெருகியதால்தான் தண்ணீர்ப் பஞ்சமா?

வடசென்னையில், எங்கள் வியாசர்பாடியில் ஜனத்தொகை கூடியதால்தான் தண்ணீர் போதவில்லையா என்று எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்கப்போவதாக எழுதியிருந்தேன். "அதிலென்ன சந்தேகம்?" என்று பலர் பதில் போட்டிருந்தீர்கள். கேட்டு முடித்தாயிற்று.

சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 2001 கணக்கெடுப்பில் சுமார் 43.4 லட்சம் பேர், 2011-இல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் ஏழு சதவீதம்தான் ஏற்றம். அது மட்டும் இவ்வளவு தவிப்பைக் கொண்டுவராது. தெருவுக்குள் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடும்பம். கீழே மட்டும் அதே பழைய இணைப்பு, அதே அடிபம்பு. கீழ்வீட்டு அக்கா அடித்து முடிக்கும்வரை மாடிக்காரர்களின் குடங்கள் படிக்கட்டில் வரிசையாக நிற்கின்றன. லாரி வந்தாலும் தனி ஆளுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் ஒரே குடக் கணக்கு. இது அநியாயம்.

அப்புறம் மழை. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி வறண்டது. அந்த ஒரு வருடத்தில் ஊர் ஜனம் இரட்டிப்பாகிவிடவில்லையே.

ஆழ்துளைக் கிணறு (போர்) போடலாமே என்று கேட்டவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் நிலத்தடியில் கடல்நீரே ஏறிவிட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடிய கடல்நீர்க் குடிநீர் ஆலை வந்ததால் வடசென்னை ஓரளவு மூச்சு விட்டது.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்கள் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் ஓர் இணைப்பை எத்தனை குடும்பம் பங்கிடுகிறது?