மலாவிக்கு மூன்று மாதம் தன்னார்வ டாக்டராகப் போவதில் யாருக்காவது பயன் உண்டா?

கேள்வி:
வணக்கம். நான் குழந்தை மருத்துவர். மலாவியில் ஒரு கிராமப்புற மிஷன் மருத்துவமனைக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லை, தங்க இடம் உண்டு. டிசம்பரிலிருந்து மூன்று மாதம் விடுப்பு கிடைக்கும். பணம் எனக்குப் பிரச்சினை இல்லை. அங்குள்ள நோய்களும் நடைமுறையும் பிடிபடுவதற்குள் திரும்பும் நாள் வந்துவிட்டால் அவர்களுக்கு நான் பாரம்தானே? ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில் 1:
டிசம்பர் என்றால் மழைக்காலம், மலேரியா ஏறும் நேரம், குழந்தைகள் வார்டில் ஆள் கட்டாயம் தேவைப்படும். போங்கள். ஆனால் முதல் சில நாள் எதையும் மாற்றாமல் அங்கிருக்கும் கிளினிக்கல் ஆபீஸர்களோடு (டாக்டர் பட்டம் இல்லாமல், தனிப் பயிற்சி பெற்று சிகிச்சை பார்ப்பவர்கள்) ரவுண்ட்ஸ் மட்டும் போங்கள். எம்பிபிஎஸ் இல்லையே என்று நினைக்காதீர்கள், மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களைப் பெரும்பாலும் செய்வதே அவர்கள்தான், வெளிறிப்போய் மூச்சு வாங்கும் குழந்தையைப் பார்த்ததுமே ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு வேகமாக சலைன் ஏற்றத்தான் நம் கை பழகியிருக்கிறது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடத்தி 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில் அப்படி ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3. வென்டிலேட்டர் இல்லாத வார்டுகளில் நடந்த ஆய்வு அது. (வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இதில் சேரவில்லை, அது வேறு கணக்கு.) நல்ல டாக்டர், நல்ல எண்ணம், ஆனாலும் குழந்தை போய்விடும். அதனால் அந்த ஊர் சிகிச்சை நெறிமுறைகளை (புரோட்டோகால்) விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள்.

பதில் 2:
முதலில் மலாவி மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். சேவைதானே என்று டூரிஸ்ட் விசாவில் போய் நோயாளியைத் தொடக் கூடாது, இதைக் கண்டும் காணாமல் விடுபவர்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். ஹெபடைட்டிஸ் பி ஊசி, மலேரியா தடுப்பு மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும். எச்ஐவி அதிகமுள்ள நாடு, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் மேல் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் உடனே, ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும், அது அங்கே கைவசம் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். கரண்ட் போனால் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும், ஜெனரேட்டர் பற்றியும் விசாரியுங்கள். குழந்தைகளுக்கு மாட்டும் அளவு சென்சாரோடு (புரோப்) பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொண்டு போங்கள். காலாவதி நெருங்கிய மருந்துகள் வேண்டவே வேண்டாம், அவற்றை அழிப்பது அவர்களுக்குத்தான் தலைவலி.

பதில் 3:
மூன்று மாதம் குறைவுதான், அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு நாடு என்று சுற்றாமல் இதே மருத்துவமனைக்கே திரும்பத் திரும்பப் போங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
கேட்டு மெயில் போட்டேன், இன்று பதில் வந்தது. பிறந்ததும் அழாத குழந்தைக்கு பேக் மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுக்க நைட் டியூட்டி நர்ஸ்களுக்குப் பயிற்சி வேண்டுமாம், வார்டு வேலை அப்புறம்தானாம். கவுன்சில் விண்ணப்பத்தை ஆரம்பித்துவிட்டேன், அங்கே பதிவு செய்த அனுபவம் உள்ளவர்கள் எவ்வளவு நாள் பிடித்தது என்று சொல்லுங்கள்.