பொருள்: ஆற்றோர மரங்களுக்கான காப்பு வரைபடம், ஒரு திருத்தம்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவில் வந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஆற்றின் இருபுறமும் 30 மீட்டருக்குப் பச்சைப் பட்டை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆற்றின் நடுக்கோட்டிலிருந்து அளந்து போட்டது. ஆறு 40 மீட்டர் அகலம் என்றால் பட்டையில் 20 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும், கரைக்கு மிஞ்சுவது 10 மீட்டர். மரங்களுக்கென்று போட்ட வேலியில் பாதிக்கு மேல் மீன்களுக்குப் போய்விட்டது.

ஆகவே இரண்டு கரைகளின் விளிம்பையும் தனித்தனியாக வரைந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். எந்த விளிம்பு என்பதில்தான் சண்டையே. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஒரு கரை, வெள்ளக் காலப் படத்தில் வேறு கரை. பிரேசிலில் இது சட்டத்திலேயே நடந்தது. பழைய வனச் சட்டப்படி உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தார்கள். 2012-இல் வந்த புதிய சட்டம் வழக்கமான ஆற்றுப்படுகையின் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. 10 மீட்டருக்குக் குறைவான ஆற்றுக்கு 30 மீட்டர், 10 முதல் 50 வரை அகலமுள்ளதற்கு 50 மீட்டர் என்ற கணக்கெல்லாம் அப்படியேதான் இருந்தது. தொடங்கும் இடம் நகர்ந்ததும் வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

நாம் ஒரே நாள் படத்தை நம்ப வேண்டாம். 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, எந்த இடத்தில் எத்தனை சதவீதக் காலம் தண்ணீர் இருந்தது என்று காட்டும் உலக வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு தடம் மாறியிருந்தால் அதிலேயே தெரியும்.

அப்புறம், பச்சையாகத் தெரிவதெல்லாம் மரமில்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர். 30 மீட்டர் பட்டை என்பது வெறும் மூன்று பிக்சல். அதில் பயிரும் களையும் மரமும் ஒரே பச்சைதான். மழையில்லாத மாதத்துப் படத்தை எடுத்தால் மானாவாரிப் பயிர் காய்ந்திருக்கும், நிலத்தடி நீர் எட்டும் மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். பாசன வயல் அப்போதும் ஏமாற்றும். அதற்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், மர நிழலில் இன்னும் அதிகம். அதனால் ஒரே இடத்தில் சற்று நின்று குறியுங்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பட்டை போடும் முன், அளவு மீட்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மீட்டருக்குப் பதில் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைக் கணக்கிலேயே 30 என்று அடித்துவிட்டேன். கரையிலிருந்து 3,300 கிலோமீட்டருக்கு மரம் வளர்க்கத் திட்டம் தயாராகிவிட்டது!

சரி, நடுக்கோட்டு வரைபடத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். வலது கரையை நான் வரையத் தொடங்கிவிட்டேன். இடது கரைக்கு ஓர் ஆள் வேண்டும். இடது என்றால் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்கும்போது இடக்கைப் பக்கம், திரையில் இடப்பக்கம் அல்ல.