துடிப்பு சரியாக இருந்தும் மூன்று கம்பி பேஸ்மேக்கர் எதற்கு?

கேள்வி:
அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) 28%. மாத்திரைகளை முழு அளவில் சாப்பிட்டும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சி.ஆர்.டி என்ற மூன்று கம்பி பேஸ்மேக்கர் வைக்கலாம் என்கிறார் டாக்டர். நாடி 72, சீராகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு பேஸ்மேக்கர்?

பதில் (இசிஜி டெக்னீஷியன்):
இது துடிப்பைக் கூட்ட அல்ல. இடது கீழறை பிந்திச் சுருங்குவதைச் சரிசெய்ய. இசிஜியில் கியூ.ஆர்.எஸ் அகலம் (கீழறைகள் முழுக்க மின்தூண்டல் பரவ ஆகும் நேரம்) பாருங்கள். 120 மில்லிநொடிக்குள் இருந்தால் இயல்பு. 150-ஐத் தாண்டி, இடது கிளை அடைப்பும் (இடது கீழறைக்கு மின்தூண்டல் போகும் பாதையில் தடை) இருப்பவர்களுக்கே பலன் அதிகம். கூடுதல் கம்பி இதயச் சிரை வழியாக இடது அறையின் வெளிப்புறம் போகும். இரண்டு கீழறைகளும் சேர்ந்து சுருங்கும்.

கேட்டவர்:
பார்த்தேன், 164. எல்பிபிபி, அதாவது இடது கிளை அடைப்பு என்றும் போட்டிருக்கிறது.

பதில்:
அப்படியானால் தயங்காதீர்கள். எனக்கும் சி.ஆர்.டி இருக்கிறது. வைத்த புதிதில், இடப்பக்கம் படுத்தால் விக்கல் மாதிரி வயிறு துடிக்கும். உதரவிதானத்தை (மூச்சுவிட உதவும் தசை) இயக்கும் நரம்பைக் கம்பி தூண்டியதாம். வெளியிலிருந்தே கருவியின் அமைப்பை மாற்றினார்கள், நின்றுவிட்டது. இப்போது மூச்சிரைக்காமல் மாடி ஏறுகிறேன். எல்லோருக்கும் இப்படி அமையாது, மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். செக்கப்பில் எத்தனை சதவீதத் துடிப்புகளைக் கருவி தூண்டுகிறது (பேஸ் ஆகிறது) என்று கேளுங்கள். நூறை ஒட்டி இருக்க வேண்டும், 98-க்கும் கீழே இறங்கினால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.