சால்ட்டேர் மண்டபம் நெஜமாவே 1893-ல கட்டினதா?

கேள்வி:
சால்ட் லேக் சிட்டிக்கு வந்து மூணு மாசம் ஆகுது. ஞாயித்துக்கிழமை உப்பு ஏரிப் பக்கம் போனப்போ சால்ட்டேர்னு ஒரு கட்டடம் பார்த்தேன். தூரத்துல அரண்மனை, கிட்டப் போனா தகரக் கொட்டகை. 1893-ல கட்டினதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நம்பலாமா?

பதில்:
நீங்க பார்த்தது மூணாவது சால்ட்டேர் தம்பி. கொட்டகைன்னு தோணினதும் சரிதான். விமானப்படையோட பழைய விமானக் கொட்டகையைக் கொண்டுவந்து 1981-ல எழுப்பினது அது. முதல் மண்டபம் இருந்த இடம்கூட அது இல்ல.

1893-ல கட்டினதுதான் அசல். மார்மன் சபையும் (இந்த ஊரை உருவாக்கின கிறிஸ்தவப் பிரிவு) ரயில் கம்பெனியும் சேர்ந்து, ஏரிக்குள்ள 2,000-க்கு மேல மரத்தூண் இறக்கி, அதுமேல எழுப்பினாங்க. வரைஞ்சவர் ரிச்சர்ட் கிளெட்டிங், நம்ம யூட்டா மாநிலச் சட்டமன்றக் கட்டடமும் அவரோடதுதான். ஊர்ல ரயில் ஏறினா மண்டபத்து வாசல்ல இறங்கலாம். பகல்ல குளியல், ராத்திரி நடனம். குடும்பத்தோட வர்ற இடம்னு சபை ஆரம்பிச்சது; ஆனா சபைக்காரங்க தொடாத காபி, டீ, சாராயம் எல்லாம் அங்க வித்தாங்க. முணுமுணுப்பு இருக்காதா? 1906-ல சபை கைமாத்தி விட்டுடுச்சு.

1925 ஏப்ரல்ல எரிஞ்சுது. திரும்பக் கட்டினாங்க. 1931-ல மறுபடி தீ. ஆனா என்னைக் கேட்டா தீயைவிடத் தண்ணிதான் அதைப் படுத்தினது. 1933-ல ஏரி பின்வாங்கி, மண்டபம் சேத்துல நின்னுச்சு. குளிக்க வந்தவங்களைத் தண்ணிக்குக் கொண்டுபோக தனியா தண்டவாளம் போட்டு ரயில் விட்டாங்கன்னா பாருங்க! 1958-ல மூடி, 1970-ல மிச்சமும் எரிஞ்சுது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. தண்ணி அவ்வளவு தூரமா போகும்?

பதில்:
போகும். இந்த ஏரிக்கு வடிகால் கிடையாது, வந்த தண்ணி ஆவியானாத்தான் உண்டு. அடியும் தாம்பாளம் மாதிரி தட்டை. ஓரடி இறங்கினாலே கரை எங்கேயோ போயிடும். ஏறினாலும் அப்படித்தான். 1981-ல கட்டின புதுசுக்குள்ள சில வருஷத்துலயே வெள்ளம் புகுந்துடுச்சு. 1986-87-ல உச்சம், 2022-ல இதுவரை இல்லாத தாழ்வு, நடுவுல 20 அடிக்கு மேல வித்தியாசம்.

நான் பொண்ணோட போனப்போ கட்டடத்துலேர்ந்து தண்ணியைத் தேடி நடந்தே கால் ஓய்ஞ்சுது. விளிம்புல கருப்பா கோடு மாதிரி ஏதோ தெரிஞ்சுது. பொண்ணு ஓடினா, கோடு அப்படியே எழுந்து பறந்துச்சு. அத்தனையும் ஈ! கடிக்காது, பயப்படாதீங்க. நல்ல தண்ணி மட்டும் ஒரு கேன் எடுத்துட்டுப் போங்க. உப்பு காஞ்சா கால் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும், கார் சீட்டும்தான்.