சோக்கல் செய்தது நல்ல கேலியா, நம்பிக்கைத் துரோகமா?

இளவேனில்:
1996-ல் நியூயார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் சோக்கல், ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்ற பண்பாட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்பியல் பேசும் புற உலகமே சமூகமும் மொழியும் கட்டியதுதான் என்பது அதன் வாதம். அச்சான கையோடு, ‘லிங்குவா ஃபிராங்கா’ இதழில் அது பின்நவீனத்துவச் சிந்தனையைக் கேலி செய்யும் முழுப் பகடி என்று போட்டுடைத்தார்.

கல்விப்புலத்தில் இவ்வளவு நுணுக்கமான கேலி வேறு இல்லை என்பது என் கட்சி. யூக்ளிடின் பை, நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி ஜி இரண்டும் மாறாதவை என்று முன்பு நினைத்தோம், இப்போது அவற்றின் வரலாற்றுத்தன்மை புரிகிறது என்கிறார். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஏது வரலாறு? ஓர் அடிக்குறிப்பில், கணக் கோட்பாட்டில் ‘சமத்துவ அடிகோள்’ இருப்பது அதன் 19-ம் நூற்றாண்டுத் தாராளவாதப் பிறப்பால் என்கிறார். அந்த விதி சொல்வது இவ்வளவுதான்: ஒரே உறுப்புகள் கொண்ட இரு கணங்கள் ஒன்றே. அரசியல் சமத்துவத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

தர்க்கப்புலி:
கேலி பிரமாதம், மறுக்கவில்லை. சோதனையாகப் பார்த்தால் ஓட்டை. ஒரே இதழ், ஒரே கட்டுரை, ஒப்பிட இன்னொன்று இல்லை. அங்கே அன்று வெளி வல்லுநர் மதிப்பாய்வே கிடையாது. ஆசிரியர் குழு படித்து முடிவெடுக்கும். தத்துவப் பகுதியையும் அடிக்குறிப்புகளையும் குறைக்கச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். இதை வைத்து ஒரு துறையே போலி என்று எப்படிச் சொல்வீர்கள்? அச்சானதை மட்டும் கொண்டு அதிகம் முடிவுகட்ட முடியாது என்று சோக்கலே பிற்பாடு எழுதினார்.

இளவேனில்:
அச்சானதை விடுங்கள், உள்ளே இருப்பதைப் பாருங்கள். அபத்தமான வரிகள் பல அவர் இட்டுக்கட்டியவை அல்ல, பெரிய பெயர்களின் அசல் மேற்கோள்கள். ஐன்ஸ்டைன் மாறிலி மாறிலியே அல்ல என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெரிடா சொன்னது அப்படியே இருக்கிறது.

தர்க்கப்புலி:
அது 1966-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கருத்தரங்கில், டெரிடாவின் உரை முடிந்தபின் ஹிப்போலித் என்ற இன்னொரு தத்துவவாதி கேட்ட கேள்விக்கு நின்ற இடத்தில் சொன்ன பதில். ஐன்ஸ்டைன் பேச்சை எடுத்ததே ஹிப்போலித்தான். வாய்ப்பேச்சில் வந்த ஒரு வரியை ஒருவருடைய தத்துவத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையான வாசிப்பு இல்லை.

நிரல்வாணன்:
இருவரும் 2005-ஐ விட்டுவிட்டீர்கள். எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் எழுதிய சைஜென் நிரல், பொருளற்ற கணினி ஆய்வுக் கட்டுரைகளைத் தானே உருவாக்கும். ‘வாக்கியம்’ என்று ஒரு விதி. அதற்குள் பெயர், வினை, கணினிச் சொல் என்று வெற்றிடங்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிய பட்டியல். எல்லா இடமும் நிரம்பும்வரை குலுக்கிப் போட்டு எடுக்கும். வரைபடமும் மேற்கோள் பட்டியலும்கூட அதுவே தயாரிக்கும். அப்படி வந்த ‘ரூட்டர்’ கட்டுரையை ஒரு மாநாடு மதிப்பாய்வு இல்லாமலே ஏற்றது. பின்நவீனத்துவம் அல்ல, கணினித் துறை!

சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர் பிடித்துக் கொடுத்ததால், 2014-ல் ஆய்வுப் பதிப்பாளர்களான ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.-யும் 120-க்கும் மேற்பட்ட சைஜென் கட்டுரைகளை நீக்கின. பட்டியல் சிறியது என்பதால் அதே சொற்கள் ஏறக்குறைய அதே விகிதத்தில் திரும்பத் திரும்ப வரும். சொல் எண்ணிக்கையை வைத்துக் கட்டுரைகளுக்கு இடையே தூரம் கணக்கிட்டால், போலிகள் ஒரே குவியலாக விழும்.

இளவேனில்:
சைஜென் காட்டியது, யாரும் படிக்கவில்லை என்பதை. சோக்கலைப் படித்தார்கள், அடிக்குறிப்பைக் குறைக்கச் சொல்லும் அளவுக்குப் படித்தார்கள். அப்படியும் பை வரியில் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு இதுதான் கனமான குற்றச்சாட்டு.

தர்க்கப்புலி:
உறுத்தியிருக்க வேண்டும், சரி. ஆனால் ஒரே ஒரு இயற்பியலாளரிடம் அனுப்பியிருந்தால் அந்தப் பக்கத்திலேயே மாட்டியிருக்கும். கோளாறு நடைமுறையில்.

இளவேனில்:
அனுப்பத் தோன்றாததற்கே அவர்கள் தத்துவம்தான் காரணம் என்கிறேன்.

தர்க்கப்புலி:
அதை நிறுவ ஒரு இதழ் போதாது. அதே கட்டுரையைப் பத்து இதழ்களுக்காவது அனுப்ப வேண்டும்: பாதி தத்துவம், பாதி இயற்பியல், இரண்டிலும் வெளி மதிப்பாய்வு உள்ளவையும் இல்லாதவையும். மதிப்பாய்வு உள்ள தத்துவ இதழ்களும் ஏமாந்தால் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.