மறு: 'லூப் டென்ட்' – 'உயவுப் பள்ளம்' சரிதானா?

அன்புள்ள ஐயா,

> 'லூப் டென்ட்' என்பதை (உயவுப் பசை, அதாவது உராய்வைக் குறைக்கும் பசை, மிஞ்சிப்போய்த் தோட்டாக்கூட்டில் விழும் நசுங்கல்) 'உயவுப் பள்ளம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

உயவு இருக்கட்டும், பாடநூலில் ஊறிய சொல். பள்ளம்தான் இடிக்கிறது. மண்வெட்டியால் தோண்டின மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள், சுட்டபோது உப்பிய பித்தளைக் கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். உயவுப் பசையில்லாமல் அழுத்தினால் கூடு அச்சுக்குள் இறுகிக்கொள்ளும். வெளியே இழுத்தால் விளிம்பு மட்டும் பிய்ந்து வரும். அதனால் ஆட்டுரோமக் கொழுப்பான லானோலினை ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்து, ஆல்கஹால் ஆவியானதும் அழுத்துவார்கள். தெளிக்கிற கை தாராளமாகிவிட்டால் வம்பு. மிஞ்சின பசை கூட்டின் கழுத்துக்குக் கீழே, சரிவாக அகலும் 'தோளில்' போய்ச் சிக்கிக்கொள்ளும். திரவம் நசுங்காது, பித்தளைதான் நசுங்கும். நகம் பதிந்த மாதிரி சின்னதாக ஒன்று விழும்.

கீழே போட்ட பித்தளைச் சொம்பைப் பார்த்து 'பள்ளம் விழுந்துவிட்டது' என்று யாராவது சொல்வோமா? 'ஒடுக்கு விழுந்திருக்கு' என்போம். என் ஓட்டு 'உயவு ஒடுக்கு'க்கு. 'உயவொடுக்கு' என்று சேர்த்து எழுத வேண்டாம், புலவர் பட்டம் போலாகிவிடும்.

—

நண்பருக்கு,

ஒடுக்கு என்றதும் ஒடுக்குமுறை நினைவுக்கு வந்தது. 'சொட்டை' என்று மாற்றுச் சொல் எழுத வந்தேன். என் தலையைத் தடவிப் பார்த்ததும் விட்டுவிட்டேன். ஒடுக்கே இருக்கட்டும்.

அடுத்த பதிவில் 'சீசன் கிராக்கிங்' (பித்தளைக் கூடு தானாகவே பிளவு விடுவது) என்பதற்குப் 'பருவ வெடிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். தோட்டாவுக்குப் பக்கத்தில் 'வெடிப்பு' என்று எழுதினால் படிக்கிறவர் எதை நினைப்பார்? 'விரிசல்' என்றே சொல்லிவிடலாம்.

'பருவ'மும் தெளிவாக இல்லை. வெள்ளையர் காலத்து இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரைக் கொட்டடிகளில் வைத்திருந்த தோட்டாக்கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, அச்சில் இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தின் மேல் வேலையைக் காட்டியிருக்கிறது. இந்தக் காரணம் 1921இல்தான் துலங்கியது. அம்மோனியா கலந்த பாலிஷைத் தோட்டாக்கூட்டில் தேய்க்காதே என்று இன்றும் சொல்வது இதனால்தான்.

ஆங்கிலக்காரர் 'சீசன்' என்றது நம் மழையைத்தான். அப்புறம் என்ன, 'மழைக்கால விரிசல்' என்றே எழுதிவிடுங்கள்.