லிப்சி.எஸ்ஓ.6 இரண்டு கணினிகளிலும் இருந்தும் "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை" என்று வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். உபுண்டு 22.04 இல் கம்பைல் செய்த ஒரு சி நிரலை வாடிக்கையாளரின் உபுண்டு 20.04 சர்வரில் இயக்கியபோது, மெயின் தொடங்குவதற்கு முன்பே "ஜிலிப்சி_2.34 என்ற பதிப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டது. சி நிரல்களுக்கு அடிப்படை ஃபங்ஷன்களைத் தரும் லைப்ரரிதான் லிப்சி; லினக்ஸில் அதன் வடிவம் ஜிலிப்சி. இரண்டு கணினிகளிலும் அது லிப்சி.எஸ்ஓ.6 என்ற ஒரே பெயருள்ள கோப்பாகத்தான் இருக்கிறது. பதிப்பு மாறினால் பெயரின் இறுதியில் உள்ள எண்ணும் மாறும் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். 2.34 இல் புதிதாக வந்த எதையும் நான் பயன்படுத்தவில்லை. ஒரு கோப்பைத் திறந்து படித்து அச்சிடுகிறேன், அவ்வளவே. 22.04 இன் லிப்சியை அப்படியே எடுத்து அங்கே வைத்துவிடலாமா?

இதையொட்டி இன்னொரு ஐயமும் உண்டு. மின்மீட்டர் அளவுகளைப் படிக்கும் சிறு லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். அதிலுள்ள மீட்டர்_ரீட் என்ற ஃபங்ஷன், தனக்குத் தரப்படும் பாயிண்டரில் 32 பிட் அளவை எழுதுகிறது. அதை 64 பிட்டாக மாற்ற வேண்டும். அதை நம்பியிருக்கும் ஐந்து நிரல்களில் இரண்டுக்கு மூலநிரல் கையில் இல்லை.

பதில் 1

லிப்சியை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம். நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எல்எஸ், சிபி போன்ற அன்றாடக் கட்டளைகள்கூட இயங்காமல் போகும், பழைய கோப்பைத் திரும்ப வைக்கவும் வழியிருக்காது.

கோப்பின் பெயரிலுள்ள 6 என்ற எண் 1997 இல் ஜிலிப்சி 2.0 வந்தபோது ஏற்பட்டது. அதன்பின் மாறவே இல்லை. மாறாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், 2.1 முதல் பதிப்பு எண்ணைக் கோப்பின் மீது ஒட்டாமல் ஒவ்வொரு சிம்பலின் (லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர்) மீதும் முத்திரையாகக் குத்தியதுதான். (சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் இந்த வழக்கம் அதற்கும் முந்தையது.) உங்கள் நிரலை லிங்க் செய்யும்போது, அதாவது லைப்ரரிகளோடு இணைக்கும்போது, அந்தக் கணினியின் லிப்சியில் எந்த முத்திரை இயல்பானதோ அது நிரலுக்குள் பதிந்துவிடுகிறது. ஆகவே பழைய முத்திரையுள்ள நிரல் புதிய லிப்சியில் ஓடும். புதிய முத்திரையுள்ள நிரல் பழைய லிப்சியில் ஓடாது.

புதிதாக எதையும் பயன்படுத்தவில்லை என்கிறீர்கள், ஆனால் மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனான லிப்சி_ஸ்டார்ட்_மெயின், 2021 இல் வந்த 2.34 இல் புது முத்திரை பெற்றது. அதனால் அந்தப் பதிப்பிலோ அதன் பின்னரோ லிங்க் செய்த வெற்று மெயின்கூட 2.34 ஐக் கேட்கும். 20.04 இல் இருப்பதோ 2.31. ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி (T) கொடியுடன் இயக்கிப் பாருங்கள். எந்தச் சிம்பல் எதைக் கேட்கிறது என்று வரிவரியாகத் தெரியும். தீர்வு, நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய அமைப்பில் கம்பைல் செய்வதே.

பதில் 2

ஒரே சிம்பலுக்கு இரண்டு முத்திரைகள் எதற்கு என்பதற்கு, நினைவகத்தில் உள்ளதை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் நல்ல சான்று. 2010 இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில் வந்த வேகமான மெம்காப்பி, சில செயலிகளில் பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுத்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. உலாவியில் ஒலியும் காணொளியும் இயக்கிய ஃபிளாஷ் செருகுநிரல் அவ்விதியை மீறியிருந்ததால் அதன் ஒலி கரகரத்தது. தவறு யாருடையது என்று நீண்ட வாதம் நடந்தது. பின்னர் 2.14 இல், 64 பிட் இன்டெல் கணினிகளுக்கு மெம்காப்பி இரண்டாகப் பிரிந்தது: 2.2.5 முத்திரையுடன் வரும் பழைய நிரல்களுக்குப் படிவதைத் தாங்கும் மெம்மூவ் கிடைக்கும், புதிதாக லிங்க் செய்வோருக்கு 2.14 முத்திரையுள்ள வேகமான வடிவம் கிடைக்கும். விதி மீறியவருக்குச் சலுகை என்று சிலர் முகம் சுளித்தாலும், பயனரின் கணினியில் ஒலி கெடாமல் இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் மீட்டர்_ரீட்டுக்கும் இதே வழி பொருந்தும். இப்போது வெறுமனே 64 பிட்டாக்கினால், பழைய நிரல் நான்கு பைட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் உங்கள் லைப்ரரி எட்டு பைட்டுகளை எழுதிப் பக்கத்து மாறியை அழித்துவிடும். பிழைச் செய்தி ஏதும் வராமலும் போகலாம். எனவே பழைய உடலையும் புதிய உடலையும் வெவ்வேறு பெயர்களில் எழுதி, சிம்வெர் கட்டளையால் பழையதற்கு ஒற்றை @ குறியுடன் மீட்டர்_1.0 என்றும், புதியதற்கு இரட்டை @@ குறியுடன் மீட்டர்_1.1 என்றும் முத்திரை கொடுங்கள். இரட்டைக் குறி உள்ளதே இனி லிங்க் செய்வோருக்கு இயல்பானது. முத்திரைகளைப் பட்டியலிட்டு லிங்க் செய்யும்போது தரும் பதிப்புக் கோப்பில், வெளியே தெரிய வேண்டியவற்றை மட்டும் குளோபல் பகுதியில் எழுதி, மற்றனைத்தையும் லோக்கல் என்று மறைத்துவிடுங்கள். உள் ஃபங்ஷன் ஒன்று தெரியாமல் வெளியே கசிந்தால், அதையும் யாராவது அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்; பிறகு அதைக் கைவிட முடியாது.

பதில் 3

ஓர் எச்சரிக்கை. இரண்டு மூலநிரலற்ற நிரல்களிலும் மீட்டர்_ரீட்டுக்கு ஏற்கெனவே முத்திரை பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முத்திரையே இல்லாத காலத்தில் லிங்க் செய்தவை என்றால், லைப்ரரியின் முதல் பதிப்பு முத்திரையை லோடர் அவற்றுக்குத் தரும், அதனால் 1.0 ஐப் பதிப்புக் கோப்பில் முதலில் எழுதுவது அவசியம். டிஎல்சிம் ஃபங்ஷன் வழியாக, ஓடும்போதே பெயரைத் தேடும் நிரலோ இயல்பான புதிய வடிவத்தையே பெறும். அங்கே முத்திரை காப்பாற்றாது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆப்ஜ்டம்ப் காட்டியதில் எஃப்ஓப்பன், எஃப்குளோஸ் இரண்டும் 2.2.5, ஸ்டாக்_செக்_ஃபெயில் 2.4, 2.34 ஐக் கேட்டது லிப்சி_ஸ்டார்ட்_மெயின் ஒன்றுதான். 20.04 கன்டெய்னரில் (என் கணினியிலேயே தனித்து இயங்கும் 20.04 சூழலில்) மறுபடி கம்பைல் செய்ததும் சர்வரில் ஓடிவிட்டது. மூலநிரலற்ற இரண்டில் ஒன்று டிஎல்சிம் பயன்படுத்துகிறது. எனவே மீட்டர்_ரீட்டைத் தொடாமல், மீட்டர்_ரீட்64 என்று புதுப் பெயரிலேயே சேர்க்கிறேன்.